ஒரே இசைத்தட்டு, இரண்டு தீர்ப்புகள்

கொஞ்சம் நீளமான பதிவு. பாட்டுப் பற்றிய பதிவு போலத்தான் தொடங்கும், ஆனால் தீர்ப்புச் சொல்வது பற்றியது. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

1971 ஜூலை 8ஆம் திகதியிட்ட அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையில் ஓர் இசைத்தட்டு விமர்சனம் வந்தது. எழுதியவர் ஜோன் லண்டாவ். அறுபதுகளின் ரொக் இசை சிதைந்து வந்த பாதையில் அதுவரை தொட்ட ஆகக் கீழான இடம் இந்த இசைத்தட்டுத்தான் என்பது அவருடைய தீர்ப்பு.

2020இல் அதே 'ரோலிங் ஸ்டோன்', எல்லாக் காலத்துக்குமான மிகச் சிறந்த 500 அல்பங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் 450ஆவது இடத்தில் இருந்தது அதே இசைத்தட்டு.

இடையில் 49 வருடங்கள். பாடல்கள் மாறவில்லை. பாடிய குரலும் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது?

அந்த இசைத்தட்டின் பெயர் 'ரேம்'. செம்மறிக் கடா என்று பொருள். அட்டைப்படத்தில் ஒரு மனிதர் செம்மறிக் கடாவொன்றின் இரண்டு கொம்புகளையும் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் போல் மெக்கார்ட்னி.

பீட்டில்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து இளைஞர்கள் நால்வர்: ஜோன் லெனன், போல் மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார். அறுபதுகளில் உலகத்தின் மேற்குப் பாதியையே ஆட வைத்தவர்கள். லெனனும் மெக்கார்ட்னியும் சேர்ந்து பெயர் போட்ட பாடல்கள்தான் அந்தக் குழுவின் முதுகெலும்பு.

1969 செப்டெம்பரிலேயே தான் விலகுவதாக லெனன் உள்ளுக்குள் சொல்லிவிட்டார். ஆனால் வெளியே எதுவும் தெரியாது. 1970 ஏப்ரலில் மெக்கார்ட்னி தன்னுடைய முதல் தனி அல்பத்தை வெளியிடும்போது, தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொன்ன ஒரு குறிப்பைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். லெனனோடு மீண்டும் பாடல் எழுதும் எண்ணம் இல்லை என்பது அதில் தெளிவாக இருந்தது. மறுநாள் தலைப்புச் செய்தி, 'போல் விலகினார்' என்பது. உண்மையில் முதலில் மனதால் வெளியேறியவர் வேறொருவர். உலகத்தின் கண்ணில் வீட்டை உடைத்தவர் மெக்கார்ட்னி ஆகிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. குழுவின் பணவிடயங்களைப் பார்க்க அலன் கிளைன் என்ற முகாமையாளரை மற்ற மூவரும் ஏற்றுக்கொண்டார்கள். மெக்கார்ட்னி ஏற்கவில்லை. கிளைனிடமிருந்து தப்ப வேண்டுமென்றால் கூட்டு ஒப்பந்தத்தையே சட்டப்படி கலைக்க வேண்டும், அதற்கு நண்பர்கள் மூவர் மீதும் வழக்குப் போட வேண்டும். 1970 டிசெம்பர் 31இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் பதிவானது. 1971 மார்ச் 12இல் நீதிமன்றம் அவருடைய பக்கம் நின்றது, கணக்குகளைப் பார்க்க ஒரு பொறுப்பாளரை நியமித்தது. கிளைனைப் பற்றி மற்ற மூவரும் பின்னர் வேறு முடிவுக்கு வந்தார்கள், அவரோடு வழக்காடவும் நேர்ந்தது. ஆனால் அது பின்கதை. 1971இன் முற்பகுதியில் செய்தித்தாள் வாசித்த ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம், மெக்கார்ட்னி தன் நண்பர்களையே நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்பதுதான்.

இந்த வழக்கும் 'ரேம்' ஒலிப்பதிவும் ஒரே மாதங்களில் நடந்தன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அல்பத்தை மெக்கார்ட்னி பெரும்பாலும் வீட்டில் இருந்து, எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து முடித்திருந்தார். பாதி முடித்த துண்டுகள் அதில் நிறைய இருப்பதாக விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இரண்டாவது தடவை அவர் அப்படிச் செய்யவில்லை. 1970இன் கடைசியில் மனைவி லிண்டாவோடும் பிள்ளைகளோடும் நியூயோர்க் போனார். அங்குள்ள தொழில்முறைக் கலைஞர்களை ஒவ்வொருவராக அழைத்து வாசிக்க வைத்துப் பார்த்துத் தெரிவுசெய்தார். ட்ரம்ஸுக்கு டெனி சைவெல். கிட்டாருக்கு டேவிட் ஸ்பினோசா, பிறகு ஹியூ மெக்ராக்கன். நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் இசைக்குழுவின் கலைஞர்களும் சில பாடல்களில் வாசித்தார்கள். பீட்டில்ஸின் பழைய தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் சில பாடல்களுக்கு வாத்திய அமைப்பு எழுதிக் கொடுத்தார்.

ஆக, இது அவசரத்தில் செய்த வேலை அல்ல. 1971 மே மாதம் அல்பம் வெளியானபோது அட்டையில் இரண்டு பெயர்கள் இருந்தன: போல் மற்றும் லிண்டா மெக்கார்ட்னி. அவருடைய முழு வாழ்க்கையிலும் அப்படிப் பெயர் போட்ட ஒரே அல்பம் இதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது?

உண்மையைச் சொன்னால், எல்லாம் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் கின்டயர் பகுதியில் அவர்களுக்கு இருந்த பண்ணை வாழ்வின் அமைதியோடு 'ஹார்ட் ஒஃப் த கன்ட்ரி' வரும். யூகலேலி என்ற சின்னக் கிட்டாரை வைத்துக்கொண்டு தனக்குத் தானே முணுமுணுப்பது போல 'ரேம் ஒன்' வரும். தொண்டை கிழியக் கத்தி, பொருளே பிடிபடாத சொற்களைக் கொட்டும் 'மொங்க்பெரி மூன் டிலைட்' வரும். முடிவில் 'த பேக் சீட் ஒஃப் மை கார்' படிப்படியாக உயர்ந்து ஒரு முழு வாத்தியக் குழுவோடு உச்சத்தைத் தொடும்.

'அங்கிள் அல்பர்ட் / அட்மிரல் ஹல்சி' என்ற பாட்டுத்தான் இந்த அல்பத்தின் குணத்தை விளங்கிக்கொள்ள நல்ல உதாரணம். மழைச் சத்தத்தோடு, மாமா ஒருவரிடம் மன்னிப்புக் கேட்கும் சோகமான மெட்டில் தொடங்கும். அல்பர்ட் என்ற பெயரில் மெக்கார்ட்னிக்கு உண்மையிலேயே ஒரு மாமா இருந்தார். கொஞ்ச நேரத்தில் மெட்டு மாறும், எக்காள வகை வாத்தியமொன்று நுழையும், ஒரு கடற்படைத் தளபதி வருவார், பிறகு இன்னொரு மெட்டு. இணையாத துண்டுகளை ஒரு நல்ல தையற்காரர் சேர்த்துத் தைத்தது போல இருக்கும். சிலருக்கு அந்தத் தையல்தான் அழகு. சிலருக்கு, இவ்வளவு நல்ல துணிகளை வைத்துக்கொண்டு ஏன் ஒரு முழுச் சட்டை தைக்கவில்லை என்ற எரிச்சல்.

என் கணக்கில் இது மேடு பள்ளமான அல்பம்தான். 'லோங் ஹெயார்ட் லேடி' கிட்டத்தட்ட ஆறு நிமிடம் ஓடும், அதற்கு அவ்வளவு நீளம் தேவையில்லை. 'த்ரீ லெக்ஸ்', 'ஸ்மைல் அவே' இரண்டும் பக்கத்தில் உள்ள பாடல்களின் முன்னால் மெலிந்து நிற்கின்றன. ஆனால் மேடுகள் இருக்கும் உயரம் வேறு யாருக்கும் எளிதில் வராது.

இனி 1971இன் சாட்சியங்களைப் பார்ப்போம்.

லண்டாவின் தீர்ப்பை மேலே சொன்னேன். பெரிதாக எதையும் சொல்லாத, காலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத வேலை என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். இங்கிலாந்தில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் அலன் ஸ்மித்துக்கு இது ஏறக்குறைய முழுவதும் சலிப்பான பயணமாகத் தெரிந்தது. 'வில்லேஜ் வொய்ஸ்' பத்திரிகையின் ரொபர்ட் கிறிஸ்ட்கோ, நம்மைப் போலவே இசைத்தட்டுகளுக்கு எழுத்துத் தரம் போடுவதில் பெயர் பெற்றவர். அவர் கொடுத்தது 'சி பிளஸ்'. நம் மொழியில் சொன்னால், சாதாரண சித்தி, கொஞ்சம் இரக்கப் புள்ளியோடு.

பழைய தோழர்களும் விடவில்லை. இந்த அல்பத்தில் ஒரு மெட்டுக்கூட இல்லை என்ற அளவுக்கு ரிங்கோ ஸ்டார் பேசினார். போலின் அல்பங்கள் தன்னைக் கவலைப்படுத்துவதாகவும் சொன்னார். லெனனின் கருத்து சுவையானது. பொதுவாக இது அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஆனாலும் சில பாடல்களின் தொடக்கம் பிடித்திருக்கிறது, பிறகுதான் அது எங்கேயோ நழுவிப் போய்விடுகிறது என்ற கருத்தில் ஒரு பேட்டியில் பேசினார். கோபத்தில் இருந்த மனிதரின் வாயிலிருந்து வந்தாலும், 1971இல் இந்த அல்பம் பற்றிச் சொல்லப்பட்ட மிகத் துல்லியமான குறை அதுதான் என்று நினைக்கிறேன். இருபது வயதாகும் முன்பிருந்தே பக்கத்தில் இருந்து பாடல் எழுதியவருக்கு, எந்த இடத்தில் நூல் அறுகிறது என்று தெரியாமல் இருக்குமா?

இன்னொரு சாட்சியும் உண்டு. 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் கிறிஸ் சார்ல்ஸ்வேர்த் எழுதியது. யாருடைய அளவுகோலில் வைத்தாலும் இது நல்ல அல்பம், அக்காலத்துப் பிரித்தானியக் குழுக்கள் வெளியிடும் பெரும்பாலானவற்றை விட மேல். பிரச்சினை என்னவென்றால் மெக்கார்ட்னி போன்ற ஒருவரிடம் நாம் அளவுக்கு அதிகமாக எதிர்பார்க்கிறோம். இதுதான் அவர் எழுதியதன் கருத்து.

இந்தச் சாட்சியை இன்று அதிகம் பேர் மேற்கோள் காட்டுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் வரலாற்று மூலாதாரங்களைக் கையாளும் முறையைப் படித்தபோது எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது மூன்று கேள்விகள். யார் சொன்னது? எப்போது சொன்னது? எதனோடு ஒப்பிட்டுச் சொன்னது? கல்வெட்டுக்கும் பயணக் குறிப்புக்கும் மட்டுமல்ல, இசை விமர்சனத்துக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

'எப்போது' என்பதிலிருந்து தொடங்குவோம். 1970 மே மாதம் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போருக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்த மாணவர்கள் மீது தேசியக் காவற்படை சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 'ரேம்' வெளியான 1971 மே மாதத்தின் முதல் வாரத்தில் வொஷிங்டனில் நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்தில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். அப்படிப்பட்ட மாதத்தில், ஒரு தலைமுறையின் குரல் என்று நம்பப்பட்டவர் பண்ணையையும் செம்மறியையும் வீட்டுச் சாப்பாட்டையும் பாடிக்கொண்டு வந்தால் வாசகனுக்கும் விமர்சகனுக்கும் எப்படி இருந்திருக்கும்? ரொக் இசை உலகத்தை மாற்றும் என்று உண்மையாகவே நம்பிய ஆட்கள் அவர்கள். அந்த நம்பிக்கை கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. அந்தத் துக்கத்தின் ஒரு பகுதி இந்த இசைத்தட்டின் தலையில் விழுந்தது.

'எதனோடு ஒப்பிட்டு' என்பது அடுத்தது. 1970 நவம்பரில் ஜோர்ஜ் ஹரிசனின் மூன்று தட்டுகள் கொண்ட 'ஓல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' வந்தது. டிசெம்பரில் லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' வந்தது, தாயை இழந்த வலியை வெட்டவெளியில் வைத்துக் கதறும் அல்பம். இரண்டும் பெரும் பாராட்டுப் பெற்றன. பெரிய ஆன்மிகத் தேடல் ஒரு பக்கம், பச்சை வலி மறுபக்கம். நடுவில் மெக்கார்ட்னியின் விளையாட்டுப் பெட்டி. மூன்று அண்ணன் தம்பிகள் ஒரே வகுப்பில் இருந்தால் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். மூன்றாமவனின் விடைத்தாளை யாரும் தனியாக வாசிப்பதில்லை.

'யார்' என்ற கேள்விதான் கொஞ்சம் சங்கடமானது. லெனனுடைய மிக நீண்ட பேட்டி ஒன்றை 'ரோலிங் ஸ்டோன்' 1971இன் தொடக்கத்தில் இரண்டு இதழ்களில் வெளியிட்டது. பீட்டில்ஸ் பிரிவுக் கதை அதில் லெனனின் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது. மெக்கார்ட்னியின் முதல் தனி அல்பத்தையும் அவர் அதில் தூக்கி எறிந்து பேசினார். அதே சஞ்சிகையின் வாசகர்கள் சில மாதங்களில் 'ரேம்' விமர்சனத்தைத் திறக்கும்போது, வழக்கின் ஒரு பக்கம் ஏற்கனவே அவர்களின் காதில் இருந்தது.

மெக்கார்ட்னியும் குற்றமற்றவர் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அல்பத்தின் முதல் பாடலான 'டூ மெனி பீப்பள்' லெனனையும் யோகோ ஓனோவையும் குத்திக் காட்டுகிறது. இதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பின் அட்டையில் ஒரு வண்டின் மேல் இன்னொரு வண்டு ஏறி நிற்கும் படம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பீட்டில் என்றால் வண்டு. பார்த்தவர்களுக்கு மிச்சத்தை விளங்கிக்கொள்ள அகராதி தேவைப்படவில்லை.

லெனனுடைய பதில் அதே வருடத்தில் 'இமேஜின்' அல்பத்தில் வந்தது. 'ஹவ் டூ யூ ஸ்லீப்' என்ற பாடல் மெக்கார்ட்னியின் பெயரைச் சொல்லாமலே அவரை உரித்துப் போட்டது. அதில் கிட்டார் வாசித்தவர் ஜோர்ஜ் ஹரிசன். அல்பத்தோடு ஓர் அஞ்சலட்டையும் வைத்தார்கள். கடாவின் கொம்பைப் பிடித்த மெக்கார்ட்னியைக் கேலி செய்து, லெனன் ஒரு பன்றியின் காதுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். உலகமே கொண்டாடிய இரண்டு மனிதர்கள், முப்பது வயதில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போலச் சண்டை பிடித்தார்கள். இப்படியொரு சண்டைக்கு நடுவில் வந்த இசைத்தட்டை வெறும் இசைத்தட்டாக மட்டும் கேட்க யாருக்கு முடிந்திருக்கும்?

லிண்டாவையும் மறக்கக்கூடாது. அவர் தொழில்முறைப் புகைப்படக் கலைஞர், பாடகி அல்ல. பாடல்களில் அவருடைய பெயரைப் பங்காளியாகப் போட்டதும் கேலி தொடங்கியது. கேலி மட்டுமல்ல. மெக்கார்ட்னியின் பாடல் உரிமையை வைத்திருந்த பக்கமும் நீதிமன்றம் போனது, லிண்டாவுக்கு உண்மையில் பாடல் எழுதத் தெரியுமா என்பதுதான் கேள்வி. பங்கு என்பது பணம் அல்லவா! விடயம் பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஆனால் ஒரு பெண்ணின் பெயர் அட்டையில் இருப்பதே சந்தேகத்துக்குரிய செயலாகப் பார்க்கப்பட்டது என்பது பதிவாகிவிட்டது. இன்று கேட்கும்போது இந்த அல்பத்தின் தனி நிறமே இரண்டு குரல்களின் சேர்க்கைதான். லிண்டாவின் பயிற்சி பெறாத குரல்தான் அதற்கு வீட்டு வாசனையைக் கொடுக்கிறது.

இந்த இடத்தில், இன்று பரவலாகச் சொல்லப்படும் ஒரு விளக்கத்தோடு எனக்கு முரண்பாடு உண்டு.

'அன்றைய ஆண் விமர்சகர்களுக்குக் குடும்பம், வீடு, சந்தோஷம் எல்லாம் இளக்காரம். அதனால்தான் இதை அடித்தார்கள்' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சாட்சியம் முழுக்க ஒத்துவரவில்லை. 1971இல் கெரொல் கிங் என்ற பெண் கலைஞரின் 'டேப்பஸ்ட்ரி' வெளிவந்தது. வீடு, நட்பு, பிரிவு என்று முழுக்க அந்தரங்கமான அல்பம். அட்டைப்படத்தில் அவர் வீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு பூனை. அதை 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையில் மனமாரப் பாராட்டி எழுதியவர் யார் தெரியுமா? அதே ஜோன் லண்டாவ். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 'ரேம்' இரண்டாம் இடத்தைத் தாண்ட முடியாமல் நின்றதற்கும் முதலிடத்தில் அசையாமல் இருந்த 'டேப்பஸ்ட்ரி'தான் காரணம்.

ஆகவே லண்டாவுக்கு வீடு பிரச்சினையாக இருக்கவில்லை. பாடுகிறவர் தன்னைத் திறந்து காட்டுகிறாரா என்பதுதான் அவருடைய கேள்வி. கெரொல் கிங் காட்டினார். மெக்கார்ட்னி கதவைத் திறப்பது போலத் திறந்து, உள்ளே வேடிக்கை காட்டிவிட்டு மூடினார். இது விருப்பு வெறுப்பில் வந்த தீர்ப்பு என்று தள்ளிவிட முடியாது. 1973 டிசெம்பரில் மெக்கார்ட்னியின் 'பேண்ட் ஒன் த ரன்' வந்தபோது, லெனனின் 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஒன்றை விட்டால் நால்வரில் யாரும் தனியாக வெளியிட்டதில் இதுதான் சிறந்தது என்று எழுதியவரும் இதே லண்டாவ்தான். அந்த மனிதருக்கு நேர்மை இருந்தது. அவருடைய கையில் இருந்த அளவுகோலால் 'ரேம்' போன்ற ஒன்றை அளக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பொதுமக்களோ விமர்சனத்துக்காகக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தில் அல்பம் முதலிடம் பிடித்தது. 'அங்கிள் அல்பர்ட்' 1971 செப்டெம்பரில் அமெரிக்காவின் முதலிடப் பாடலானது, அடுத்த வருடம் வாத்திய அமைப்புக்காகக் கிராமி விருதும் பெற்றது. விற்றது என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. ஆனால் சஞ்சிகைக்கும் வீட்டு வானொலிக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

பிறகு காலம் ஓடியது. வழக்குகள் முடிந்தன. பீட்டில்ஸ் மீண்டும் சேருவார்களா என்ற கேள்வி 1980 டிசெம்பரில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டதோடு முடிந்தது. 1998இல் லிண்டா புற்றுநோயால் காலமானார். அதற்குள் புதிய தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. அவர்களுக்கு 1971இன் சண்டை தந்தைமார் சொல்லும் பழங்கதை. தொண்ணூறுகளில் பெரிய நிறுவனங்களின் தயவு இல்லாமல், படுக்கையறையில் பதிவுசெய்து, கோணல் மாணலாகவும் விளையாட்டாகவும் பாடும் குழுக்கள் நிறைய வந்தன. அந்தக் காதோடு 'ரேம்' கேட்டவர்களுக்கு அது பழைய பீட்டில்ஸின் தேய்ந்த நிழலாகத் தெரியவில்லை. தங்களுடைய இசையின் பாட்டனாராகத் தெரிந்தது. 'ஓல்மியூசிக்' தளத்தின் ஸ்டீபன் தோமஸ் எர்ல்வைன், பின்னோக்கிப் பார்த்தால் முதல் 'இண்டி' பொப் அல்பம் இதுவாகத்தான் தெரிகிறது என்ற கருத்தில் எழுதினார். 2012இல் மெருகேற்றிய மறுபதிப்பு வந்தபோது 'பிட்ச்ஃபோர்க்' இணையத்தளம் பத்துக்கு 9.2 புள்ளி கொடுத்தது.

'சி பிளஸ்' எங்கே, 9.2 எங்கே!

இங்கேதான் அவசரப்படக் கூடாது. 'அன்றைய விமர்சகர்கள் முட்டாள்கள், இன்று உண்மை வென்றது' என்று முடித்துவிட்டால் அது வரலாறு ஆகாது, சினிமாக் கதை ஆகிவிடும். 2012இன் தீர்ப்பும் ஒரு மூலாதாரம்தான். அதையும் அதே மூன்று கேள்விகளால் விசாரிக்க வேண்டும். யார் சொன்னது? 1971ஐ வாழ்ந்து பார்க்காதவர்களும், அதிலிருந்து தூரமாகிவிட்டவர்களும். எப்போது? அழகான பெட்டியில் மறுபதிப்பு விற்பனைக்கு வந்த நேரத்தில். எதனோடு ஒப்பிட்டு? தங்களுக்குப் பிடித்த பிற்காலக் குழுக்களோடு. ஒதுக்கப்பட்ட ஒன்றைக் கண்டெடுத்து 'இது பொக்கிஷம்' என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகமும் புள்ளியைக் கூட்டும். 'லோங் ஹெயார்ட் லேடி' 1971இலும் நீளம், 2012இலும் நீளம். நாற்பது வருடத்தில் அது சுருங்கவில்லை.

இப்போது சார்ல்ஸ்வேர்த்திடம் வருகிறேன். வெளியான வருடத்திலேயே, சத்தத்துக்கு நடுவில், 'இது நல்ல அல்பம், நம்முடைய எதிர்பார்ப்புத்தான் பெரிது' என்று எழுதிய மனிதர். இரண்டு பக்கத் தீர்ப்புகளையும் ஐம்பது வருடம் கழித்துத் தட்டிக் கொட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அவர் நின்ற இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். ஆனால் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வருவது லண்டாவின் சாபமும் பிட்ச்ஃபோர்க்கின் புள்ளியும்தான். நடுவில் நின்றவரை யாரும் தேடுவதில்லை. நிதானமான வசனம் பகிரப்படுவதில்லை என்பது முகநூல் கண்டுபிடித்த நோய் அல்ல, அது அதற்கு முன்பிருந்தே உள்ளது.

இசை பற்றிய பதிவில் வகுப்பறையை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பீர்கள். நான் ஆசிரியன். தீர்ப்பு எழுதுவது என் தொழிலின் பாதி. தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கையில் ஒரு கோடு இருக்கும், 'வகுப்பாசிரியரின் குறிப்பு' என்று. ஒரு வரி எழுதத்தான் இடம். அண்ணன் கெட்டிக்காரனாக இருந்த பாடசாலையில் தம்பிக்கு அந்த ஒரு வரியை எழுதும்போது பேனா எதை அளக்கிறது? பிள்ளை செய்ததையா, அண்ணன் செய்ததிலிருந்து அவன் எவ்வளவு தூரம் என்பதையா? அந்த வாரம் அவனுடைய வாப்பா பாடசாலைக்கு வந்து யாரோடோ சண்டை பிடித்திருந்தால் அந்த வரி அப்படியே இருக்குமா? கணிதத்தில் 35, சித்திரத்தில் 90 எடுத்த பிள்ளைக்கு நாம் சராசரி போட்டு 'சாதாரணம்' என்று எழுதுகிறோம். 35உம் பொய்யல்ல, 90உம் பொய்யல்ல. 'சாதாரணம்' என்பதுதான் அந்தப் பிள்ளையில் எங்குமே இல்லாத ஒன்று.

மெக்கார்ட்னிக்குத் தாங்கும் பலம் இருந்தது. பணம் இருந்தது, பெயர் இருந்தது, பக்கத்தில் லிண்டா இருந்தார். மூன்று வருடத்துக்குள் இன்னோர் அல்பத்தால் பதில் சொன்னார், ஐம்பது வருடம் உயிரோடு இருந்து தீர்ப்பு மாறுவதையும் கண்ணால் பார்த்துவிட்டார். தரம் 8 பிள்ளைக்கு மறுபதிப்பு கிடையாது. நாம் எழுதிய அந்த ஒரு வரியைப் பல பிள்ளைகள் வாழ்க்கை முழுக்கச் சுமந்துகொண்டு போகிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். இசையில் நாட்டம் உள்ளவர்கள் 'ரேம்' அல்பத்தை ஒரு தடவை முழுதாகக் கேளுங்கள், முக்கால் மணி நேரம் கூடப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த இடத்தில் பிடிக்கவில்லை, எந்த இடத்தில் பிடித்தது என்று பாட்டுப் பாட்டாகச் சொல்லிப் பாருங்கள். மொத்தமாக ஒரு சொல்லில் முடிப்பதை விட அது கஷ்டம் என்பது தெரியும்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் பாடசாலை நாட்களில் உங்களைப் பற்றி எழுதப்பட்ட ஒரு குறிப்பு இன்னும் நினைவில் இருக்கிறதா? அதை எழுதியவர் எதனோடு ஒப்பிட்டு எழுதினார் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். பெயர்கள் வேண்டாம், குறிப்பு மட்டும் போதும்.